சிகரத்தில் ஒரு செந்தவளை

(மூன்றாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

'கிணற்றுத் தவளை' என்று யாரையேனும் சொல்லிப் பாருங்கள். முகம் சுருங்கிப் போகும். 'தவளை தன் வாயால் கெடும்' என்று ஒரு பழமொழி. வகுப்பில் நாலு பேர் சேர்ந்து பேசினால், 'என்ன தவளைக் கூச்சல்?' என்று ஓர் அதட்டல். நம் பேச்சில் தவளைக்கு நல்ல பெயர் கிடைப்பது அரிது. இலக்கணம் படிக்கும் நண்பர்கள் மட்டும் அதற்கு ஓர் இடம் தருவார்கள். நூற்பாக்கள் அமையும் முறையைச் சொல்ல வந்த நன்னூலார், ஆற்று நீரோட்டம், அரிமாவின் நோக்கு, பருந்தின் வீழ்ச்சி ஆகியவற்றோடு தவளையின் பாய்ச்சலையும் சேர்த்திருக்கிறார். அரிமாவுக்கும் பருந்துக்கும் நடுவே ஒரு தவளை! அந்த மட்டில் அதற்கு மதிப்புத்தான்.

ஆனால், பாயத் தெரியாத தவளை ஒன்று உண்டு என்பதை நண்பர்கள் அறிவார்களா? அதற்குக் கிணறும் வேண்டாம், குளமும் வேண்டாம். தென்னிந்தியாவிலேயே உயர்ந்த சிகரத்தின் மேல், பனிமூட்டத்துக்குள், புல்லின் அடியில் அது ஊர்ந்து திரிகிறது. உலகில் அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்ட உயிர்களுள் ஒன்றாக அறிஞர்கள் அதைக் குறித்தார்கள். அந்தத் தவளையைப் பற்றித்தான் இந்த ஆண்டு மலரில் எழுத விரும்பினேன். காரணம், அது வாழும் மலையின் அடியில் பிறந்தவன் நான்.

எங்கள் மலை

என் பூட்டனார் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்கப் புறப்பட்டு, போடி மலைப்பாதை வழியே கால்நடையாக மூணாறு வந்து சேர்ந்தவர். அன்று முதல் எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை தேயிலைத் தோட்டத்திலேயே கழிந்தது. நான் பிறந்ததும் ஒரு லயத்து வீட்டில்தான். அம்மா இன்றும் கொழுந்து எடுக்கிறாள். மூடுபனி விலகும் காலைகளில் லயத்து வாசலில் நின்றால், யானையின் மத்தகம் போல ஒரு கரும்பாறை வானில் எழுந்து நிற்பது தெரியும். அதுதான் ஆனைமுடி. உயரம் 2,695 மீட்டர்.

அந்தச் சிகரம் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். பரப்பு ஏறத்தாழ 97 சதுர கிலோமீட்டர். மேலே பரந்த புல்வெளி, பள்ளங்களில் சோலைக்காடு. வரையாடுகளைப் பார்க்கவும், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சியைப் பார்க்கவும் வெளியூர் மக்கள் வண்டி வண்டியாக வருவார்கள். 2018-இல் குறிஞ்சி பூத்தது. அவர்கள் வருவது இராசமலைப் பகுதி வரைதான். சிகரத்துக்குப் போக யாருக்கும் எளிதில் அனுமதி இல்லை. நானும் அதன் உச்சியை எட்ட நின்று பார்த்தவன்தான்.

அப்படி நாள்தோறும் பார்த்த மலையின் மேல் இப்படி ஓர் உயிர் உண்டு என்பது, நான் சமவெளிக்கு இறங்கி வந்து இக்கல்லூரியில் சேர்ந்த பிறகே தெரிய வந்தது. இருவாழ்விகள் பாடம் நடத்திக்கொண்டிருந்த பேராசிரியர், "மேற்குத் தொடர்ச்சி மலையில் அண்மைக் காலத்தில் கண்டறியப்பட்ட தவளைகள் பல. அவற்றில் ஒன்று ஆனைமுடியில் இருக்கிறது. நீ அந்தப் பக்கத்துப் பையன்தானே?" என்று என்னைப் பார்த்தார். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. அன்று மாலையே நூலகத்துக்குப் போய்த் தேடத் தொடங்கினேன்.

பாடநூலுக்கு அடங்காத தவளை

டெல்லிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எஸ். டி. பிஜுவும் உடன் ஆய்வாளர்களும் 2010-ஆம் ஆண்டு 'கரண்ட் சயின்ஸ்' இதழில் இத்தவளையை உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். அறிவியல் பெயர் 'ராவோர்கெஸ்டிஸ் ரெஸ்பிளெண்டென்ஸ்'. முற்பாதி, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் கற்பித்துத் தவளைகளை ஆராய்ந்த சி. ஆர். நாராயண ராவ் அவர்களின் நினைவாக வைத்தது. 'கரண்ட் சயின்ஸ்' இதழின் முதல் ஆசிரியரும் அவரே. பிற்பாதிக்கு 'ஒளிர்வது' என்று பொருள். பொருத்தமான பெயர்தான். படத்தில் பார்த்தேன். கனிந்த ஆரஞ்சுப் பழத்தின் நிறம். சில இடங்களில் செங்கல்லின் சிவப்பு. உடல் முழுவதும் கொப்புளம் போன்ற சுரப்பிகள். அளவோ கட்டைவிரலில் பாதி.

கால்கள் மிகவும் குட்டை. இதன் உறவினர் பலரும் புதரிலும் மரத்திலும் ஏறித் தாவுகிறவர்கள். இதுவோ தரையில் ஊர்ந்து செல்கிறது. தோற்றத்தை மட்டும் பார்த்தால் இதை வேறு இனத்தில் சேர்க்கத் தோன்றும். மரபணுவை ஆராய்ந்த பின்னரே இதன் உண்மையான உறவு விளங்கியது.

இன்னும் ஒரு வியப்பு உண்டு. முட்டை, தலைப்பிரட்டை, பின்னங்கால், முன்னங்கால், வால் மறைதல், தவளை என்று நாம் பள்ளியிலிருந்து வட்டம் போட்டுப் படித்து வருகிறோம் அன்றோ? அந்த வட்டம் இங்கே செல்லாது. இத்தவளை நீரில் முட்டையிடுவதில்லை. குட்டை மூங்கில் புதரின் அடியில், ஈர மண்ணில் முட்டையிடுகிறது. தலைப்பிரட்டைப் பருவம் முட்டைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. முட்டையைப் பிளந்து வெளிவருவது முழு உருவம் பெற்ற ஒரு குட்டித் தவளை!

குளம் இல்லாத சிகரத்தில் வாழ்வதற்கு இயற்கை வகுத்த வழி இது. ஆனால் இந்த வழியிலேயே இதன் ஆபத்தும் இருக்கிறது. தவளை முட்டைக்கு ஓடு கிடையாது. பசை போன்ற மென்படலம்தான். தவளையின் தோலும் அப்படியே. அது தோலாலும் மூச்சு விடுகிறது. சூழ்ந்திருக்கும் ஈரம் வற்றினால் முட்டையும் வற்றும், தவளையும் வாடும். குளத்துத் தவளைக்கு நீர் எவ்வளவு முக்கியமோ, இதற்குப் பனிமூட்டம் அவ்வளவு முக்கியம்.

மேலே வழி இல்லை

கண்டறியப்பட்டபோது இத்தவளை ஆனைமுடிச் சிகரப் பகுதியில், சில சதுர கிலோமீட்டருக்குள் மட்டுமே தென்பட்டது. முந்நூறு அளவில்தான் இருக்கக்கூடும் என்று அன்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். நம் கல்லூரியில் ஒரு துறையில் படிக்கும் மாணவர் தொகைதான்! பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலில் இதை மிகக் கடும் ஆபத்தில் உள்ள இனங்களின் வரிசையில் வைத்தது.

உலகம் வெப்பமடைந்து வருகிறது. கீழே வெப்பம் கூடும்போது மலைவாழ் உயிர்கள் மெல்ல மெல்ல மேலே நகர்வதை அறிவியலார் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். பாதி மலையில் இருப்பவற்றுக்கு இன்னும் ஏற இடமுண்டு. உச்சியிலேயே இருப்பது எங்கே ஏறும்? ஆனைமுடிக்கு மேலே வானம்தான் இருக்கிறது. இதைப் படித்த அன்று இரவு விடுதியில் எனக்கு வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

இதோடு வேறு இடர்களும் உண்டு. கோடையில் பரவும் புல்தீ ஒன்று. சுற்றிலும் மலைகளில் வளர்ந்து நிற்கும் கிராண்டிஸ், வாட்டில் போன்ற அயல்நாட்டு மரங்கள் மற்றொன்று. எல்லாவற்றினும் கொடியது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை. தவளையின் தோலைத் தாக்கி அதன் உயிரையே குடிக்கும் இந்நோயால் உலகில் குறைந்தது 501 இருவாழ்வி இனங்கள் குறைந்து போயின என்றும், அவற்றுள் 90 இனங்கள் அற்றே போயிருக்கக்கூடும் என்றும் 2019-இல் வந்த ஆய்வு கூறுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் இப்பூஞ்சை இருப்பது தெரிய வந்துள்ளது. பெருஞ்சாவு எதுவும் இங்கே அறியப்படவில்லை என்பது ஓர் ஆறுதல். 2023-இல் உலக இருவாழ்விகளை எல்லாம் மதிப்பிட்டபோது, நூற்றுக்கு 41 இனங்கள் அழிவை நோக்கி நிற்பதாகத் தெரிந்தது. முதுகெலும்புள்ள உயிர்களில் இவ்வளவு நலிந்த வகுப்பு வேறில்லை.

கோஸ்டாரிக்கா தந்த பாடம்

'பூங்காவுக்குள்தானே இருக்கிறது? காவலர் இருக்கிறார்கள், சட்டம் இருக்கிறது. பிறகு என்ன கவலை?' என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், கோஸ்டாரிக்காவின் தங்கத் தேரையைப் பற்றிப் படிக்கும் வரையில்.

நடு அமெரிக்காவில் உள்ள அந்தச் சிறு நாட்டில் மாண்டிவெர்டே என்றொரு மலை. அங்கேயும் மூடுபனி, அங்கேயும் சோலை. அந்த மலைமுகட்டில் சில சதுர கிலோமீட்டருக்குள் மட்டும் பொன்னிறத் தேரை ஒன்று வாழ்ந்தது. 1972-இலேயே அம்மலைக்காடு காப்பிடமாக்கப்பட்டது. அங்கே மரம் வெட்டுவாரும் இல்லை, வேட்டையாடுவாரும் இல்லை. 1987-இல் இனப்பெருக்கக் காலத்தில் 1,500-க்கும் மேற்பட்ட தேரைகளை எண்ணினார்கள். அவை இட்ட முட்டைகளில் பெரும்பாலானவை குட்டைகள் வற்றியதால் காய்ந்து போயின. 1989-இல் ஒரே ஓர் ஆண் தேரைதான் தென்பட்டது. அதற்குப் பின் எவரும் அதைக் காணவில்லை. 2004-இல் அற்றுப்போன இனம் என்று அறிவித்துவிட்டார்கள். வறட்சியா, பூஞ்சை நோயா, இரண்டும் சேர்ந்தா என்று ஆராய்ச்சி நீண்டது. தேரை திரும்பவில்லை.

இதில் நாம் கற்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வேலி போட்டுவிட்டால் காவல் முடிந்துவிடுவதில்லை. பனிமூட்டம் குறைவதை வேலி தடுக்காது. பூஞ்சை வேலியைக் கேட்டு வருவதில்லை. மற்றொன்று, ஆண்டுதோறும் போய் எண்ணிப் பார்த்தவர்கள் இருந்ததால்தான் தேரை மறைந்ததாவது உலகுக்குத் தெரிந்தது. எங்கள் செந்தவளையை 2010-க்கு முன் உலகம் அறியாது. அதற்கு முந்திய ஆண்டே அது அழிந்திருந்தால் இப்படி ஒன்று இருந்தது என்றே நமக்குத் தெரிந்திராது!

வரையாட்டுக்கு இந்தக் குறை இல்லை. அது நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அது குட்டி ஈனும் காலமாகிய பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரவிகுளத்தைப் பார்வையாளருக்கு மூடிவிடுவது வழக்கம். 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளமும் ஒரே நேரத்தில் கணக்கெடுத்து 2,668 வரையாடுகள் இருப்பதாக அறிவித்தன. மெத்த மகிழ்ச்சி! அதே புல்லின் அடியில் ஊரும் தவளைக்கும் அப்படி ஒரு கணக்கு ஆண்டுதோறும் வேண்டும் என்பதே என் ஆசை.

ஆச்சி கேட்ட கேள்வி

சென்ற விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது, தவளைப் படத்தை ஆச்சியிடம் காட்டினேன். பூங்காவில் தற்காலிக வாச்சராக இருக்கும் மாமாவும் அப்போது வந்திருந்தார். கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடு வெட்டும் வேலைக்கு முதுவர்களோடு மலையேறிப் பழகியவர் அவர்.

"தவளைக்கெல்லாமா காவல் மருமகனே?" என்று சிரித்தார். "மழைக்காலத்துல மேல ராத்திரி ஏதேதோ கத்தும். எது எதுன்னு யாரு பார்த்தா? ஆடு தெரியும், ஆனை தெரியும், புலி தெரியும்."

ஆச்சி படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "செக்கச்செவேல்னு குங்குமச் சிமிழ் மாதிரி இருக்கு. இதுக்கு என்ன பேருல?"

இலத்தீன் பெயரைச் சொன்னேன். அவள் வாயில் அது நுழையவில்லை.

"அது வெள்ளைக்காரப் பேரு. நம்ம பேரு என்ன?"

எனக்கு விடை தெரியவில்லை. தமிழில் இதற்கென்று ஒரு பெயர் நான் படித்த எதிலும் இல்லை. ஆச்சி சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "பேரு வைக்காத புள்ள செத்துப்போனா சொல்லி அழக்கூட முடியாதுல்ல" என்றாள்.

தன் தலைப்பிள்ளையைப் பெயர் வைக்கும் முன்னமே அடைமழைக் காலத்துக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள் அவள். அவள் எதை நினைத்துச் சொன்னாள் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மாமாவும் அதற்குப் பின் சிரிக்கவில்லை. புறப்படும்போது, "அந்தப் படத்தை எனக்கும் ஒண்ணு குடு மருமகனே. மேல போறப்ப பார்க்கிறேன்" என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். காட்டில் பழகிய ஒருவர் ஓர் உயிரைத் தேடிப் பார்க்கத் தொடங்குவதைவிடப் பெரிய காவல் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. நானும் அன்று முதல் அதைச் 'செந்தவளை' என்றே அழைத்து வருகிறேன். இதைவிட நல்ல பெயரை எந்த நண்பர் சொன்னாலும் ஏற்கத் தயார்.

மனிதரா, தவளையா?

விடுதியில் என் அறை நண்பன் ஒருநாள் கடுமையாகவே கேட்டான்: "உங்கள் மலையில் மனிதனுக்கே பாதுகாப்பு இல்லை. பெட்டிமுடியை மறந்துவிட்டாயா? நீ தவளைக்காகக் கண்ணீர் விடுகிறாய்!"

மறக்க முடியுமா? 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, இராசமலைக்கு அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது உயிர்கள் போயின. பெரும்பாலோர் எங்களைப் போலத் தமிழகத்திலிருந்து பிழைக்கப் போன குடும்பத்தார். அப்போது நான் பள்ளி மாணவன். மழை கொட்டும் இரவில் எங்கள் லயத்தில் பெரியவர்கள் இன்றும் உறங்குவதில்லை. தோட்டத் தொழிலாளிக்குப் பாதுகாப்பான இடத்தில் சொந்த வீடு வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அதை எதற்காகவும் தள்ளிப்போடக் கூடாது.

ஆனால் தவளைக்குக் கொடுப்பது மனிதரிடமிருந்து பிடுங்குவதாகாது. அது இருக்கும் இடம் ஏற்கெனவே பூங்கா. எந்த ஏழையின் நிலமும் அதற்காகத் தேவைப்படவில்லை. மேலே உள்ள புல்லும் சோலையும் பஞ்சு போல மழையை உறிஞ்சி வைத்து, கோடையிலும் ஓடைகளாகக் கசிய விடுகின்றன. அங்கிருந்து கிழக்கே இறங்கும் பாம்பாறு அமராவதிக்கு நீர் தருகிறது. அமராவதி இந்தச் சமவெளி வயல்களை நனைக்கிறது. தவளை நலமாக இருந்தால் அந்தப் பஞ்சில் ஈரம் இருக்கிறது என்று பொருள். மழை முறை மாறி வருவதைத் தோலால் உணரும் உயிர் அது. எங்கள் லயங்களை அச்சுறுத்துவதும் அதே மாறிய மழைதான். மலை எங்கள் இருவருக்கும் ஒன்றே.

செய்யக் கூடியவை

பாதுகாப்பு என்றதும் கோடிக்கணக்கில் பணம் வேண்டும் என்று மலைக்க வேண்டியதில்லை. முதலாவது, சிகரத்தை மனிதக் கால்களிலிருந்து இப்போது காப்பது போலவே இனியும் காக்க வேண்டும். சுற்றுலா வருவாயை எண்ணி உச்சிக்குப் பாதை திறந்துவிடக் கூடாது. ஆய்வுக்குப் போவோரும் காலணியைக் கழுவி உலர்த்திய பின்னரே ஏற வேண்டும். பூஞ்சை சேற்றில் ஒட்டிக்கொண்டு வரும். இரண்டாவது, மூங்கில் புதர்களைத் தீயினின்று காக்க வேண்டும். அதற்கு முதுவர்களின் அனுபவ அறிவு கைகொடுக்கும். மூன்றாவது, மழைக்காலந்தோறும் குறித்த நாட்களில், குறித்த இடங்களில் குரலைக் கேட்டும் நேரில் கண்டும் கணக்கெடுக்க வேண்டும். அதற்குத் தோட்டத்து இளைஞர்களையும் முதுவர் குடி இளைஞர்களையும் பழக்கினால், அறிவும் வளரும், சிலருக்கு வேலையும் கிடைக்கும்.

பனாமா நாட்டில் பொன்தவளையைப் பூஞ்சையிலிருந்து தப்புவிக்கக் காட்டிலிருந்து எடுத்து, உயிர்க்காட்சிச் சாலைகளின் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கும் நிலை வந்தது. அதுவும் பெரும் தொண்டுதான். ஆனால் ஆனைமுடியின் காற்றையும் பனியையும் எந்தத் தொட்டியில் அடைப்பது? வீட்டிலேயே வைத்துக் காக்கும் காலம் நமக்கு இன்னும் கைநழுவிப் போகவில்லை.

நம் துறையில் முன்பு ஒவ்வொரு மாணவரும் தேர்வுக்குத் தவளையை அறுத்ததாகப் பேராசிரியர்கள் சொல்வார்கள். தவளைக்காலை வெளிநாட்டுக்கு ஏற்றி அனுப்பிய காலமும் ஒன்று இருந்தது. 1987-இல்தான் அதை நம் நாடு தடை செய்தது. இன்று நம் ஆய்வுக்கூடத்தில் தவளை அறுப்பு இல்லை. தவளையைக் கத்தியால் அறிந்த தலைமுறை போய், காதாலும் கண்ணாலும் அறியும் தலைமுறையாக நாம் வந்திருக்கிறோம். இந்த நல்வாய்ப்பை வீணாக்கலாமா?

எனவே நண்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் எந்த ஊராயினும் சரி. அங்கே ஓர் ஏரியோ, ஓடையோ, கரடோ இருக்கும். அடுத்த மழைக்கு அங்கே எத்தனை வகைத் தவளைகள் கத்துகின்றன என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பெரியவர்களிடம் அவற்றின் பெயர்களைக் கேட்டு வையுங்கள். மறு ஆண்டும் எழுதுங்கள். எது குறைகிறது என்று அப்போது தெரியும். படிப்பு முடிந்ததும் நான் மலைக்குத் திரும்புவேன். வேலை எதுவாயினும், வனத்துறையின் அனுமதி கிடைத்தால், மழைக்காலக் கணக்கெடுப்பில் மாமாவோடு நானும் ஒருவனாக நிற்பேன். செந்தவளை எத்தனை இருக்கிறது என்று யாரேனும் கேட்டால், எண்ணிச் சொல்ல எங்கள் மலையிலேயே ஆள் இருக்க வேண்டும்.